ஏழு தலையணைகள்

தலையணைகளை மக்களுக்குத் திறந்துவிடலாம் என்று தண்டபாணி சொன்னபோது துளசிமணிக்குத்தான் பயம் வந்தது. அவருக்கு வரவில்லை.

துளசிமணி நொச்சிவலசு வட்டார அருங்காட்சியகத்தின் காப்பாளர். ஊரில் நூல் மில் மூடிய பிறகு அதன் ஆபீஸ் கட்டடத்தைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். தண்டபாணி அதன் குழுத் தலைவர். வாலிபத்தில் அதே மில்லின் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர். இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோயில் கும்பாபிஷேகமோ பள்ளி ஆண்டுவிழாவோ, ஊரில் முதல் மாலை அவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஊர்க்காரர்களின் போனுக்கு 'மியூசியம் சேதி' போகும். 'இந்த வாரப் பொருள்' என்று படம் போட்டு துளசிமணி நாலு வரி எழுதுவாள். ரொம்ப நாள் அதை யாரும் படிக்கவில்லை. மோப்பப் பெட்டி வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

மோப்பப் பெட்டி என்பது ஊர் வைத்த பெயர். கோயமுத்தூரிலிருந்து சலீமா என்ற வேதியியல்காரப் பெண் கொண்டுவந்து பொருத்திய இயந்திரம் அது. பழைய துணியில் காய்ந்து ஒட்டியிருக்கும் வியர்வையை அது படிக்கும். அதை உடுத்தியவர் அந்த நேரம் சந்தோஷமாக இருந்தாரா, கோபமாக இருந்தாரா என்று சொல்லும். சொல்வதோடு நிற்காது. அதே வாசனையைத் திரும்பச் செய்து முகமூடி வழியே கொடுக்கும். மாநிலக் கோப்பையை வென்ற கபடி அணியின் பனியனை முதலில் வைத்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டவர்கள் வெளியே வந்தும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் வாசலில் வரிசை நின்றது.

தலையணைகள் கிடைத்தது அதற்குப் பிறகு. பழைய விடுதியின் சாமான் அறையை இடித்தபோது ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஏழு தலையணைகள் இருந்தன. மில்லின் கழிவுப் பஞ்சை அடைத்துத் தைத்தவை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு பெண்ணின் பெயர்.

அந்த ஏழு பேரையும் ஊருக்குத் தெரியும். முப்பது சொச்சம் வருடங்களுக்கு முன்பு, விடுதிக்குக் கீழே இருந்த பஞ்சுக் குடோன் இரவில் புகைந்து எரிந்தது. மாடி அறையில் படுத்திருந்த ஏழு பெண்களும் புகையிலேயே இறந்துபோனார்கள். எல்லாரும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றது மில். வெளியே பூட்டியிருந்த கதவைத் தட்டித் தட்டிக் கதறிச் செத்தார்கள் என்றது ஊர். இரண்டில் எது உண்மை என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை.

"இருக்குதல்லோ, உன்ற மிசினு," என்றார் தண்டபாணி, குழுக் கூட்டத்தில். "அந்தப் புள்ளைங்க தூக்கத்துலயேதான் போனாங்க. வெடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்து கதவத் தொறந்து மொதல்ல பாத்தவன் நானு. ஊரு என்னென்னமோ பேசுது. மிசினே சொல்லிப்போடட்டும்."

"ஐயா, ஒருவேளை மிசின் வேற மாதிரி சொல்லிருச்சுன்னா?"

"சொல்லாது கண்ணு." பிறகு அவர் எந்த மேடையிலும் சொல்வதைச் சொன்னார். "அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் நான் ஊருல இல்ல. கோயமுத்தூர்ல கல்யாணத்துக்குப் போயிட்டேன். இருந்திருந்தா ஒத்தப் புள்ளைய சாக உட்டிருக்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் நடிப்பு என்று துளசிமணிக்கு அன்று தோன்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் தோன்றவில்லை.

அவளுடைய பயம் வேறு. அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் 'தூக்கத்திலேயே' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருப்பார்கள். அதைப் பிடுங்க அருங்காட்சியகத்துக்கு என்ன உரிமை இருக்கிறது?

சலீமாவிடம் கேட்டாள். "பஞ்சுல அத்தனை வருசத்து வேர்வை நிக்குமா?"

"சட்டை சேலைன்னா துவைச்சிருவாங்கக்கா. தலகாணியை யாரு துவைக்கறா? ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தோலு மாதிரி படிஞ்சிருக்கும், வெங்காயம் மாதிரி. மேல இருக்கறது கடைசி ராத்திரி. உழைச்சு வர்ற வேர்வையும் பயந்து வர்ற வேர்வையும் ஒண்ணில்ல. நம்ம மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குத் தெரியும்."

"பயந்திருந்தா, முகமூடி போடறவங்களுக்கும் அந்தப் பயம் வருமா?"

"வரும். சந்தோசம் மத்தியானத்துக்குள்ள போயிரும். பயம் அப்படிப் போகாது. உடம்பு அதைத் தன்னோடதுன்னு எடுத்து வெச்சுக்கும். அதனால சொந்தக்காரங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை சேதியில் ஏழு பெயர்களையும் போட்டு, உறவினர்கள் இருந்தால் தொடர்புகொள்ளும்படி துளசிமணி எழுதினாள். சேதி கைமாறிக் கைமாறித் தெற்கே போனது. ஆறு வீட்டிலிருந்து போனிலேயே பேசினார்கள். "அதைக் கிளறாதீங்க" என்று முதலில் இரண்டு பேர் அழுதார்கள், கடைசியில் அவர்களும் சம்மதித்தார்கள். நேரில் வந்தது ஒருத்திதான்.

அவள் பெயர் முப்பிடாதி. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். இறந்தவர்களில் சுடலைவடிவு அவளுடைய அக்கா. இறக்கும்போது வடிவுக்குப் பத்தொன்பது வயது, முப்பிடாதி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. இப்போது அவளுக்கே பேரன் இருந்தான்.

சிவப்பு நூல் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மை இன்னும் இருக்கா மேடம். கண்ணு தெரியல. காது மட்டும் நல்லா கேக்கும். எமனே வந்தாலும் எம்புள்ள துடிச்சாளா இல்லியான்னு தெரியாமப் போவ மாட்டேன்னு சொல்லுதா. அதான் வந்தேன்."

"துடிச்சதா தெரிஞ்சா, என்ன சொல்லுவீங்க?"

"அது தெரிஞ்ச பொறவு பாத்துக்கிடுதேன். பாருங்க."

முதலில் துளசிமணிதான் முகமூடியை மாட்டிக்கொண்டாள். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். தொண்டை அடைக்கும், ஓடத் தோன்றும், கத்துவோம் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. தாடை தளர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த மத்தியானத்தில் வருவதுபோல ஒரு தூக்கம் கண்ணை அழுத்தியது. முகமூடியைக் கழற்றியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தூங்கிட்டுத்தான் இருந்திருக்காங்க அக்கா," என்றாள் முப்பிடாதியிடம். " நல்ல தூக்கம். கடைசி வரைக்கும்."

முப்பிடாதியும் மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் கழற்றவில்லை. மற்ற ஆறு தலையணைகளின் மேல் தோலும் அதையே சொன்னது. ஏழு பேரும் அன்று நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள்.

தண்டபாணிக்குச் சொன்னபோது அவர் போனிலேயே தழுதழுத்தார். "நான் அப்பவே சொன்னனே கண்ணு. ஞாயித்துக்கெழமை ஒரு கூட்டம் போட்டுருவோம். ஊரே வரட்டும். நானே மொதல்ல போட்டுக் காட்டறேன்."

அன்று சாயங்காலம்வரை துளசிமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அறைக்குள் சலீமா மட்டும் வேலையை நிறுத்தவில்லை. திறந்த பொருளை முழுவதும் படித்துப் பதிந்து வைப்பது அவள் வழக்கம். கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் வாங்க. உக்காந்துட்டுப் போடுங்க."

"எதை?"

"அதுக்கு முந்தின ராத்திரி."

துளசிமணி மாட்டிக்கொண்டாள். முதலில் காதுதான். காது தானாக விறைத்துக் கூர்மையானது. பிறகு மூச்சு நின்றது. அவள் நிறுத்தவில்லை, அது தானாக நின்றுகொண்டது. முழங்கால்கள் வயிற்றை நோக்கி இழுத்தன. உள்ளங்கை நனைந்தது. இது நெருப்புக்குப் பயந்த பயம் இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நெருப்பென்றால் எழுந்து ஓடத் தோன்றும். இந்தப் பயம் அசையாதே என்றது. கண்ணை மூடு என்றது. தூங்குகிறவள்போலவே கிட, இன்றைக்கு அது பக்கத்துப் பாயோடு போய்விடட்டும் என்றது.

பெண்ணாகப் பிறந்த யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

முகமூடியைப் பிய்த்துக் கழற்றினாள். "ஒரு ராத்திரியா?"

"இல்லக்கா. அதுக்கு முந்தினதும். அதுக்கு முந்தினதும். கீழ போகப் போக அதேதான்."

"வடிவுக்கு மட்டுமா?"

"ஏழுலயும்." சலீமா தண்ணீர் குடித்தாள். "கடைசி ராத்திரி மட்டும்தான் இல்ல. அன்னைக்கு மட்டும் என்னமோ தெரியல, அத்தனை பேரும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருக்காங்க. மத்த நாள் மாதிரி முழிச்சுக் கெடந்திருந்தா பொகை வந்தது தெரிஞ்சிருக்கும்க்கா. எந்திரிச்சிருப்பாங்க."

அந்த இரவு ஊரில் இல்லாதது யார் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போகும்போது துளசிமணி வழக்கமான சந்து வழியாகப் போகப் பயந்து மெயின் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சு நின்றது. வடிவின் பயம் உடம்பில் ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தே இருந்தது. தெரிந்ததால் அது குறையவில்லை. அதற்குமேல் அவளுடைய சொந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. குழுத் தலைவர் நினைத்தால் ஒரு கையெழுத்தில் அருங்காட்சியகத்தைப் பூட்டிவிடலாம். நினைக்காவிட்டாலும் இந்த ஊர் அவருடையது. இதை எடுத்துச் சொன்னால் யாரை நம்புவார்கள்?

மறுநாள் முப்பிடாதியை உட்காரவைத்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் தானும் அந்த முகமூடியைப் போட வேண்டும் என்றாள். துளசிமணி தடுத்தாள். கேட்கவில்லை. போட்டுக்கொண்டாள். கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை உடம்போடு இழுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"இது யாரைப் பாத்துப் பயந்ததுன்னு மிசினு சொல்லுமா?"

"சொல்லாதுங்க," என்றாள் சலீமா. "பயம்னு மட்டும்தான் சொல்லும். பேரு சொல்லாது."

"அப்ப யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் முப்பிடாதி. "அவரு போடுதேன்னு சொல்லியிருக்காருல்லா? போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மில் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் போதாமல் ஜனம் மதிலோரம் நின்றது. முன்வரிசையில் தண்டபாணியின் மனைவி நாச்சம்மாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கூட்டத்திலும் கணவர் பேசும்போது மடியில் இருக்கும் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர். அன்றும் அப்படித்தான்.

தண்டபாணி மேடையில் பேசினார். தூக்கத்திலேயே போன ஏழு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். கல்யாணத்துக்குப் போனதைச் சொன்னார். கூட்டத்தில் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்தது.

சலீமா முகமூடியோடு அவர் பக்கத்தில் குனிந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். "ஐயா, கடைசி ராத்திரி மட்டும் போடட்டுங்களா? இல்ல, இருக்கறது முழுசும் போடட்டுங்களா? சில ராத்திரி பயமா இருக்கும்."

"முழுசும் போடும்மா," என்றார் அவர், கூட்டத்துக்கே கேட்கும்படி. "ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

துளசிமணிக்கு அப்போதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வந்தது. அவர் துணிச்சலில் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. பயப்படும்படி ஏதாவது செய்தோம் என்பதே அவர் நினைப்பில் இல்லை.

முதலில் அவர் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தீங்களா, எவ்வளவு நிம்மதி," என்றார். குரலில் தூக்கம் தட்டியது. கூட்டம் கை தட்டியது.

பிறகு அவர் தலை லேசாகத் திரும்பியது. எதையோ உற்றுக் கேட்பதுபோல. கை தட்டல் ஓய்ந்தது. கால்கள் நாற்காலிக்குக் கீழே பின்வாங்கின. வேட்டியை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுஷர் அந்த நாற்காலியில் சுருங்கிச் சுருங்கிச் சின்னதாகிக்கொண்டிருந்ததை ஊர் பார்த்தது. ஸ்பீக்கரில் அவர் மூச்சு நின்று நின்று வந்தது.

முகமூடியைத் தானே கழற்றி எறிந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பூட்டு சரியா இருக்குதான்னு பாக்கத்தான் மேல போவேன். வேறொண்ணுமில்ல. பாத்துட்டு வந்துருவேன்."

அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. அவர் எழுந்தார், தடுமாறினார். பிடிக்க ஆள் ஓடியது. முன்வரிசையிலிருந்து நாச்சம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பந்தல் காலியாவதற்குள் குழு உறுப்பினர் ஒருவர் துளசிமணியைத் தனியாக அழைத்தார். "இத பாரும்மா. அந்தப் புள்ளைங்க தூக்கத்துல போனாங்கன்றது நெசம். நெசத்தைத்தான் போடப்போற. அது போதும். அவருக்கு ஒடம்பு செரியில்ல, அவ்வளவுதான். வெள்ளிக்கெழமை சேதி நல்லபடியா வரோணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அலுவலக அறைக்குள் முப்பிடாதி ஊருக்குப் போன் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் போனை அம்மாவின் காதில் வைத்திருக்க வேண்டும்.

"யம்மா, நாந்தான். பாத்தாச்சு. துடிக்கலம்மா. நல்லாத் தூங்கிட்டிருந்திருக்கா. மிசினே சொல்லிட்டு. இல்லம்மா, சத்தியமாத்தான் சொல்லுதேன். நானே மோந்து பாத்தேன். பச்சப் புள்ள தூங்குத மாதிரி தூங்கியிருக்கா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா. நீயும் தூங்கு."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பொய் சொல்லல, மேடம்."

"இல்லைங்க அக்கா."

"எங்கம்மைகிட்ட சேதி பாக்குத போனு கிடையாது. அவளுக்கு இம்புட்டுப் போதும். ஊருக்கு மிச்சத்தையும் சொல்லுங்க. என் அக்கா எப்படிச் செத்தான்னு ரெண்டு கதை பேசுன ஊரு, எப்படி உசுரோட இருந்தான்னு ஒரு நாளும் கேக்கலியே."

வெள்ளிக்கிழமை காலையில் துளசிமணி அந்த வாரச் சேதியை எழுத உட்கார்ந்தாள். யார் பெயரையும் போடவில்லை. இயந்திரம் சொன்னதை மட்டும் எழுதினாள். இறந்த இரவில் ஏழு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதற்கு முந்தைய இரவுகளில் ஏழு பேரும் விழித்துக்கிடந்தார்கள், எதற்கோ பயந்து. எதற்கு என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அந்த விடுதியில் இருந்தவர்கள் யாராவது அறிந்தால் சொல்லலாம். எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பயத்தில் எது வடிவுடையது, எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. பிரிப்பதை விட்டுவிட்டு அனுப்பினாள்.

அன்று முழுவதும் ஒரு போன்கூட வரவில்லை. ஒரு திட்டுகூட வரவில்லை. அவ்வளவு பெரிய ஊர் எதுவுமே சொல்லாமல் இருந்ததுதான் அவளை அதிகம் அச்சுறுத்தியது. சனிக்கிழமை காலையில் அருங்காட்சியகத்தின் பூட்டைத் திறந்து மாடியில் தன் அறைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. அவள் காது விறைத்தது. மூச்சு நின்றது. எழுந்துபோய்க் கதவைத் தாழிடலாமா என்று பார்த்தாள். கால் அசையவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது நாச்சம்மாள். சாதாரணச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு கட்டைப்பை. படியேறியதில் மூச்சு வாங்கியது.

"வாங்கம்மா," என்றாள் துளசிமணி. "ஐயா எப்படி இருக்காருங்க?"

நாச்சம்மாள் பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்து மேசைமேல் வைத்தார். உறை பலமுறை மாற்றியது. பஞ்சு பழையது, கட்டி தட்டிப் போயிருந்தது.

"கல்யாணத்தப்ப எங்கப்பன் ஊட்டுல குடுத்தது," என்றார். "நாப்பத்தி சொச்சம் வருசம் இதுலதான் தல வெச்சேன். இதையும் அதுங்ககூட வெச்சுக்க கண்ணு."

துளசிமணி தலையணையைத் தொடவில்லை. "மிசின்ல போட்டுப் படிக்கோணுங்களா அம்மா?"

"எனக்கு எதுக்குப் படிச்சுக் காட்டற? என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?" நாச்சம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவருக்குக் காட்டு."